கம்பெனி போனை இணையத்துக்கு மாற்றினோம்: பீளமேட்டுக்காரர்கள் செய்து கொடுத்த வேலை

எங்களுடையது கோவை கணபதி பக்கம் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. 19 வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் ரிசப்ஷனில் போன் எடுத்தேன், அப்புறம் நிர்வாகப் பிரிவுக்கு வந்தேன். போன வருடம் எங்கள் பழைய இபிஏபிஎக்ஸில், அதாவது கம்பெனிக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டியில், ஒரு கார்டு போய்விட்டது. மாற்றுக் கார்டு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மொத்தத்தையும் நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போனுக்கு மாற்றிவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்து அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பீளமேட்டில் நான்கு பேர் நடத்தும் ஒரு சின்ன நிறுவனம்தான் செய்து கொடுத்தது. வேலை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இவர்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்திடமும் பேசினோம். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று பத்தே நிமிடத்தில் போனிலேயே விலை சொல்லிவிட்டார்கள். எங்கள் இடத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பீளமேட்டுக்காரர் வந்ததும், “மேடம், எத்தனை போன்னு லிஸ்ட்ல பார்க்க வேண்டாம்ங்க, நடந்து எண்ணிட்டு வந்துடலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு முழுநாள் நடந்தோம். லிஸ்டில் 46 எக்ஸ்டென்ஷன், நேரில் 61. அதில் எட்டு செத்த லைன். மோல்டிங் ஷெட் தூணில் ஒரு போன் தொங்கியது, அது யாருக்காகப் போட்டது என்றே ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை. லிப்டுக்குள் ஒன்று, தீ எச்சரிக்கைப் பெட்டியில் ஒன்று, பேக்ஸ் ஒன்று, எடைமேடை கேட்டில் ஒன்று. இந்த நான்கையும் அவர் தனியாகக் குறித்துக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்ததில், மற்றபடி 38 ஐபி போனே போதும் என்று வந்தது.

கேட் போன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெட்வொர்க் சாமான்கள் இருக்கும் ரேக்கிலிருந்து கேட் 180 மீட்டர். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் சரிப்படாது. பைபர் இழுப்பதென்றால் லாரி போகும் பாதையைத் தோண்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய செம்புக் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, ரேக்கில், பழைய போனை ஐபி முறையோடு சேர்க்கும் அனலாக் கேட்வே என்ற சின்னப் பெட்டியை வைத்து அதில் இணைத்துவிட்டார்கள். வாட்ச்மேன் அண்ணா கையில் இன்றைக்கும் அதே பழைய போன்தான், ஆனால் அது புது எக்ஸ்சேஞ்சின் ஒரு எக்ஸ்டென்ஷன். லிப்ட் போனுக்கும் இதே வழிதான். புது சாமான் விற்பதிலேயே குறியாக இருப்பவர் இந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்து லைன் கணக்கு. எங்களிடம் இருந்தது பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைன், ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். பழைய பெட்டியிலிருந்து இரண்டு வார அழைப்புப் பதிவை எடுத்துப் பார்த்தோம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மேல், டீலர்கள் ஆர்டர் சொல்லும் நேரத்தில்கூட ஒரே சமயத்தில் 11 அழைப்பைத் தாண்டவில்லை. 30-க்கு இத்தனை வருடம் வாடகை கட்டியிருக்கிறோம். அதற்குப் பதில், இணைய முறையில் வரும் சிப் டிரங்கில் 16 லைன் வாங்கினோம். மாத பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இன்டர்நெட் வேகம் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். குரலை டிஜிட்டலாக மாற்றும் சாதாரண ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ்தான். 16 பேர் பேசினாலும் ஒன்றரை எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். வேகம் இருந்தும் தொந்தரவு வருவது வரிசையில் நிற்பதால். அக்கவுண்ட்ஸில் பெரிய பைல் ஏற்றும்போது குரலைச் சுமக்கும் சின்னச் சின்னத் தகவல் துண்டுகள் (பாக்கெட்டுகள்) அதன் பின்னால் காத்திருந்தால் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். அதனால் போன்களுக்குத் தனி விலான் (அதே நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த ஒரு பகுதி) போட்டு, குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, சிசிடிவி பேக்கப்பை இரவுக்குத் தள்ளினார்கள். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச அளவுகோல். எங்களுக்கு அது நன்றாகவே உள்ளே வந்தது.

எனக்குத் தூக்கம் போனது எண்ணை நினைத்துத்தான். 0422 போட்டுத் தொடங்கும் எங்கள் எண் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் அச்சாகியிருக்கிறது, தாராபுரம், உடுமலைப் பக்கம் கடைச் சுவர்களில் பெயின்டில் இருக்கிறது. மொபைல் மாதிரி லேண்ட்லைன் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக இங்கே வழியில்லை. எங்கள் அதே ஆபரேட்டரிடமே பிஆர்ஐயை சிப் டிரங்காக மாற்றி, அதே எண் வரிசையைத் தரச் சொல்லி எழுத்தில் வாங்கிய பிறகுதான் போன்களுக்கே ஆர்டர் போட்டார்கள். அந்தக் கடிதம் வர ஏழு வாரம் ஆனது. காத்திருந்தது சரிதான். யாராவது மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் எண் என்ன ஆகும் என்பதை முதலில் கேளுங்கள்.

எக்ஸ்சேஞ்ச், ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கியது. சொன்னபடி வளைகிறது. ஒரு உதாரணம்: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் சுழியம் போட வேண்டும். எங்கள் பழைய பெட்டியில் வெளி லைனுக்கு ஒரு சுழியம், மொபைலுக்கு ஒரு சுழியம் என்று ஆட்கள் குழம்பிக்கொண்டே இருந்தார்கள். இப்போது பத்து இலக்கத்தை அடித்தால் போதும், எக்ஸ்சேஞ்சே சுழியத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

முதலில் டெஸ்பாட்ச் பிரிவில் மட்டும் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு தொந்தரவு வந்தது. சில அழைப்புகளில் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. ரவுட்டரில், போகும் வழியில் அழைப்புத் தகவலை மாற்றிவிடும் சிப் ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்ததும் சரியானது. இரண்டாவது கொஞ்சம் பயமுறுத்தியது. சோதனைக்காக 5060 போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு அழைப்பு வரும் வாசலை, ஒரு இரவு திறந்து வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால் எங்கிருந்தோ நூற்றுக்கணக்கில் பாஸ்வேர்ட் முயற்சிகள். உள்ளே புகுந்திருந்தால் நம் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளியிருப்பார்கள். அன்றே ஆபரேட்டரின் முகவரிக்கு மட்டும் வழிவிட்டு மற்றதை அடைத்தார்கள், ஐஎஸ்டியை ஏற்றுமதிப் பிரிவின் மூன்று போனுக்கு மட்டும் வைத்தார்கள். திறந்து வைத்தது தங்கள் தவறு என்று அவர்களே முதலில் சொன்னார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

கரண்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் பேசும், டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் 48 வோல்ட் வரும். ஐபி போனுக்கு அது கிடையாது. கேபிள் வழியே மின்சாரம் தரும் ஸ்விட்ச் போட்டு, ஸ்விட்ச், ரவுட்டர், சர்வர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் வைத்தோம். ஒரு போன் நான்கைந்து வாட்தான் எடுக்கிறது. இரண்டரை மணி நேரம் தாங்கியதைப் பார்த்துவிட்டோம்.

மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் ரிசப்ஷன் அக்காவை இரண்டு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் பட்டன் எங்கே வேண்டும் என்று அவரிடமே கேட்டு அமைத்தார்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், இதை எல்லா இடத்திலும் செய்ய வேண்டும். திங்கள் காலை 11 மணிக்குள் 140 அழைப்பு எடுத்தார், ஒன்றுகூட விடுபடவில்லை.

குறைகளும் உண்டு. மொபைல் ஆப்பில் பேசிக்கொண்டே வைபையிலிருந்து வெளியே நடந்தால் அழைப்பு அறுந்துவிடுகிறது. விற்பனைப் பையன்கள் அதனால் சொந்த எண்ணிலிருந்தே பேசுகிறார்கள். மாத அறிக்கை எக்செல்லாக வருகிறது, முதலாளி பார்க்கும்படி இல்லை. ஞாயிறு சப்போர்ட் இல்லை, இரண்டாவது ஷிப்ட் ஓடும் எங்களுக்கு அது போதாது. இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

பொங்கல் முடிந்து ஈரோடு கிளை. அங்கே ஒரே ஒரு பைபர்தான் வருகிறது. வேறு தெரு வழியாக இன்னொன்று வந்த பிறகு தொடங்கலாம் என்று அவர்களே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.