ஹோட்டன் சமவெளியா, நக்கிள்ஸா, ரிட்டிகலவா? மலையில் ஆய்வு செய்ய விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு

இலங்கையின் வடக்கில் இருக்கும் எங்கள் வன்னியில் மலை கிடையாது. பாறை மேடுகள் உண்டு, சிலவற்றுக்கு மலை என்று பெயரும் உண்டு. ஆனால் உச்சிக்குப் போனாலும் அதே வெயில், அதே பாலை மரம்தான். அதனால் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்கு மலைக்காட்டைத் தேடினால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உயரம் ஏற ஏற மரமும் ஓணானும் தவளையும் எப்படி ஆள் மாறுகின்றன என்பதை அங்கே போனால்தான் பார்க்கலாம்.

"எங்கே போகலாம் அண்ணா?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் நுவரெலியாப் பக்கத்து ஹோட்டன் சமவெளியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். கொஞ்சம் தேடிப் படித்தவர்கள் மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைத்தொடர் என்பார்கள். நான் சொல்வது அநுராதபுர மாவட்டத்து ரிட்டிகல மலை. மூன்று இடத்திலும் அளவுநாடா பிடித்திருக்கிறேன். ரிட்டிகலவில் என் சொந்த ஆய்வுக்கு, மற்ற இரண்டிலும் நண்பர்களுக்கு உதவியாக.

ஹோட்டன் சமவெளியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1988இல் தேசியப் பூங்காவான இடம், ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர். மகாவலி, களனி, வளவை என்று மூன்று ஆறுகளுக்கு அங்கே ஊற்றுக்கண் இருக்கிறது. விடிய வெளிக்கிட்டால் புல்வெளியில் மரைக் கூட்டம் நிற்கும். மூக்கில் கொம்பு முளைத்த ஓணானைப் பாசி படிந்த கிளையில் முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆயிரம் மீற்றருக்கு 6.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் வவுனியாவைவிட அங்கே 13 பாகை அளவு குறைவு. "பிள்ளை, அந்தக் குளிர் எலும்புக்குள்ள போகும், ரெண்டு போர்வை கொண்டு போ" என்று அம்மம்மா சொன்னார். 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர். அவருக்குத் தெரியும். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி கொட்டும். மாலையில் முழுக்க ஏற்றி வைத்த கமரா பற்றரி விடியும்போது செத்துக் கிடந்தது. அடுத்த இரவில் இருந்து பற்றரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினோம்.

ஆனால் ஆய்வு என்று வரும்போது சிக்கல் இதுதான்: அது சமவெளி. பெரும்பகுதி 2,100 மீற்றருக்கும் 2,300 மீற்றருக்கும் இடையில் கிடக்கிறது. உயரத்தோடு வரும் மாற்றத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அந்த இருநூறு மீற்றர் போதாது. அங்கே கேட்க வேண்டிய பெரிய கேள்வி வேறு. அடிக்கடி மேகம் மூடி நனைக்கும் மேகக்காட்டின் மரங்கள் உச்சியில் இருந்து காய்ந்து திட்டுத் திட்டாகச் சாகின்றன. மண்ணா, நீர்க்குறைவா, நோயா, காற்று மாசா என்று பல தசாப்தங்களாக ஆராய்ந்தும் ஒரே காரணத்தில் வந்து முடியவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்குக் கிடைக்கும் ஆறு மாதத்தில் அதைத் தொட முடியாது. போக ஒரு நாள், வர ஒரு நாள், ரயில் நிற்கும் பட்டிப்பொலவில் இருந்து தினமும் வான் கூலி வேறு. நல்ல மேற்பார்வையாளரும் இரண்டு வருட அவகாசமும் இருந்தால் போங்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் தமிழில் கதைத்து உதவி கேட்கலாம் என்பது மட்டும் பெரிய ஆறுதல்.

நக்கிள்ஸ் இதற்கு நேர் எதிர். அங்கே சமதரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயரமான சிகரம் 1,900 மீற்றரைத் தாண்டுகிறது. வவுனியாவில் இருந்து ஏ9 வீதியிலேயே மாத்தளை வரை போய், ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறலாம். ரிவஸ்டன் கணவாயில் நின்றால் முதுகுப் பக்கம் புகார், பாசி தொங்கும் குள்ள மரங்கள். கணவாயைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் சிறிது நேரத்திலேயே நம்மூர்க் காட்டின் வாடை வந்துவிடும். ஒரே மலைத்தொடரில் ஈரமும் உலர்வும் இப்படி முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இடம் இந்தத் தீவில் எனக்கு வேறு தெரியாது. மூக்கில் இலை ஒட்டியதுபோல இருக்கும் ஓணானும், ஈரப் பாறையில் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் பாறைத் தவளையும் உலகத்தில் இந்த மலைகளில் மட்டும்தான். 2006இல்கூட அங்கே ஒரு புதிய ஓணான் இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஊர்வன, தவளை என்று ஆசைப்படுகிறவருக்கு நக்கிள்ஸை விட்டால் இடம் இல்லை.

மரங்களைப் படிக்கப் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டுக்குள்ளே நெடுங்காலம் ஏலம் நட்டிருக்கிறார்கள். மேலே பெரிய மரங்களை விட்டு, கீழ் அடுக்கை வெட்டித் துப்புரவாக்கினால்தான் ஏலம் வளரும். அதனால் கன்னிக்காடு என்று நினைத்து நீங்கள் அளவெடுக்கக் கயிறு கட்டும் நிலத்துண்டு, பழைய ஏலத் தோட்டமாக இருக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்; கேட்பதற்குச் சிங்களம் வேண்டும். பிறகு அட்டை. உப்பும் நீளக் காலுறையும் இல்லாமல் போகவே வேண்டாம். ஒருமுறை புகார் விலகும் என்று மூன்று நாள் காத்திருந்து, ஒரு கோடுகூட எழுதாமல் திரும்பினோம். சரிவும் வழுக்கலும் பொல்லாதவை. தனியாகப் போகக் கூடாது.

ரிட்டிகல வெறும் 766 மீற்றர்தான். ஆனால் மத்திய மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் நடுவில் அதைவிட உயரமான இடம் இல்லை. மதவாச்சி, மிகிந்தலை தாண்டி மரதன்கடவலயில் ஹபரணை வீதிக்குத் திரும்பினால், வவுனியாவில் இருந்து நூறு கிலோமீற்றர் அளவுதான். 1941இல் இருந்து அது கடும் இயற்கை ஒதுக்கிடம். அடிவாரத்து இடிபாடுகளை எல்லோரும் பார்க்கலாம். மேலே ஏற வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

எனக்கு அந்த மலை பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் அடிவாரம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி: முத்தையன்கட்டுக் காட்டில் அப்பாவோடு விறகுக்குப் போன காலத்தில் பட்டையைத் தொட்டே அடையாளம் தெரிந்த மரங்கள். ஹோட்டனில் முதல் இரண்டு மாதம் மரத்தின் பெயர் படிக்கவே போய்விடும். இங்கே முதல் நாளே பாதிக் காட்டுக்குப் பெயர் எழுதலாம். மேலே போகப் போக அந்தத் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, உச்சியில் மாரிக் காலத்து மேகம் உரசும் இடத்தில் ஈர வலயத்துச் செடிகள் நிற்கின்றன. 1880களில் தாவரவியலாளர் ட்ரைமன் ஏறிப் பார்த்து வியந்தது இதைத்தான். எந்த உயரத்தில் கடைசிப் பாலை நிற்கிறது? அதற்கு மேல் அதன் இடத்தை எது பிடிக்கிறது? நூறு மீற்றருக்கு ஒரு மட்டம் என்று ஐந்தாறு மட்டம் எடுத்தால் அடியில் இருந்து உச்சி வரை முடிந்துவிடும். ஒரு மாணவர் ஆறு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய கேள்வி இது. வீட்டுக் காட்டைத் தெரிந்த வன்னிப் பிள்ளைக்கு அதில் மற்றவர்களுக்கு இல்லாத பலமும் இருக்கிறது.

சமதரையில் வளர்ந்ததால் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். மரங்களை அளக்க இருபதுக்கு இருபது மீற்றர் சதுரம் போடும்போது நாடாவைத் தரையோடு ஒட்டி இழுத்தேன். முப்பது பாகைச் சரிவில் அப்படி இழுத்தால் இருபது மீற்றர் என்பது கிடையாகப் பார்த்தால் 17.3 மீற்றர்தான். 400 சதுர மீற்றர் என்று எழுதியது உண்மையில் 346. இரண்டு நாள் அளவு முழுவதையும் திரும்ப எடுத்தேன். சரிவுப் பக்கம் நாடாவை 23.1 மீற்றருக்கு நீட்ட வேண்டும், அல்லது நாடாவைக் கிடையாகப் பிடித்துப் படிப்படியாக இறங்க வேண்டும். மரத்தின் சுற்றளவை எடுக்கும் 1.3 மீற்றர் உயரத்தையும் மேட்டுப் பக்கத்தில் நின்றுதான் அளக்க வேண்டும். குறிப்பேட்டில் பென்சில் மட்டும். புகாரில் பேனா மை கரைந்துவிடும்.

ரிட்டிகலவின் குறை இரண்டு. அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. பின்னேரம் நான்கு மணிக்கு முன் இறங்கிவிட வேண்டும். அடுத்தது அனுமதி. அங்கே பருவமும் நம்முடையதுதான், மாரி ஒக்டோபரில் தொடங்கும். மழை விட்டு, இலை உதிராமல் நிற்கும் பெப்ரவரி, மார்ச்சில் ஏறுவதுதான் நல்லது. அதற்கு மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு கடிதம் முந்திய ஓகஸ்ட்டிலேயே போயிருக்க வேண்டும். எந்தச் செடியையும் பிடுங்கப் போவதில்லை, அளவும் படமும் மட்டும் என்றால் அதையும் முதல் பந்தியிலேயே எழுதிவிடுங்கள்.