அலாய் வீல் கீறலுக்கு வீட்டுப் பெயிண்ட்: ஒரு வருடம் கழித்து நிற்பது எது, உரிவது எது

பிளாட்பார ஓரத்தில் உரசி விளிம்பு சொரசொரத்துப்போன பெயிண்ட் அடித்த அலாய் வீலை வீட்டிலேயே சரிசெய்தால், முதல் மாதம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வேலையின் லட்சணம் பிறகுதான் தெரியும். ஒட்டுப்போட்ட இடத்தின் நடுவில் பெயிண்ட் பெயர்வது அபூர்வம். புதுப் பெயிண்டும் பழைய பெயிண்டும் சேரும் கோட்டில்தான் கோளாறு ஆரம்பிக்கும். அங்கே ஈரம் நுழைந்ததும் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை நெளிவுகள் கிளம்பும். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டுக்கு அடியில் அலுமினியம் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் வீண்.

அதனால் கீறல் 2 செ.மீ. என்றால் சுற்றிலும் இன்னும் 3 செ.மீ. தேய்க்க வேண்டும். ஏற்கெனவே வெள்ளை நெளிவு இருந்தால் அது முடியும் இடத்தையும் தாண்டிப் போக வேண்டும். முதலில் சோப்பு, பிறகு கிரீஸ் எடுக்கும் தின்னர், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் பிரேக் தூசியும் எண்ணெயும் கீறலுக்குள் அழுந்திவிடும். அடிக்கும் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் மீன் கண் போலக் குழிந்து விலகும். துருத்தும் பிசிரை 180 நம்பரில் எடுத்து, ஓரத்தை 320-இல் சரித்து, 400-இல் முடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். படி தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

பள்ளத்தை நிரப்பும் பட்டி 2 மி.மீ. தடிப்புக்கு மேல் வேண்டாம். 50 கிராம் பட்டிக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் சுமார் 1 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகக் கலந்தால், அதன் மிச்சம் பெயிண்ட் வழியாக மேலே ஏறிக் கறையாகத் தெரியும். உலோகத்தைப் பிடிக்க அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் பட்டி பார்க்கவே கூடாது. அமிலம் பட்டியை இறுக விடாது. பட்டி போட்ட இடத்துக்கு எபாக்ஸி பிரைமர்தான் சரி. காய்ந்ததும் 600 நம்பர் வாட்டர் பேப்பர்.

டயரைக் கழற்றாமல் மறைக்க, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ரிம்முக்கும் டயருக்கும் இடையில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாகச் செருகுங்கள். விளிம்பின் வளைவு வரை பெயிண்ட் போய்ச் சேரும். மாஸ்கிங் டேப் அங்கே ஒரு கோட்டை விட்டுவிடும், பிற்பாடு உரிவதும் அந்தக் கோட்டில்தான்.

சில்வர் நிறம் பொருந்தவில்லை என்று டப்பாவைத் திட்டுவோர் நிறையப் பேர். பெரும்பாலும் தப்பு கையில் இருக்கும். ஈரமாக அடித்தால் உலோகத் துகள் அடியில் அமுங்கி நிறம் இருளும். தூரத்திலிருந்து உலர்வாக அடித்தால் வெளுக்கும். 20 செ.மீ. தூரம், மெல்லிய 3 கோட், கோட்டுக்கு இடையே 10 நிமிடம். கிளியரை ஒட்டுப்போட்ட இடத்தோடு நிறுத்தாமல் வீலின் வெளிமுகம் முழுக்க அடியுங்கள்.

ஹார்டனர் கலக்காத ஒற்றைக் கூறு ஸ்ப்ரே கிளியர் மேல் ஒருமுறை பிரேக் கிளீனர் பட்டால் மங்கிக் குழையும். ஹார்டனர் கலந்த இரட்டைக் கூறு கிளியர் அப்படியே நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. காற்று ஊட்டும் மாஸ்க் இல்லையென்றால் அந்தக் கிளியரை மட்டும் பெயிண்டரிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

நட் உட்காரும் குழியிலும் ஹப்பில் பதியும் முகத்திலும் பெயிண்ட் படவே கூடாது. அங்கே பெயிண்ட் நசுங்கினால் நட் தளரும். மாட்டியபின் 50 கி.மீ. ஓட்டிவிட்டு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சால் நட்டுகளை மறுபடி பாருங்கள். ஒரு மாதம் அமில வீல் கிளீனர் வேண்டாம்.

இயந்திரத்தில் சீவிய பளபள முகம் கொண்ட வீலுக்கு இந்த முறை ஒத்துவராது. அந்த வரிகளைப் பெயிண்டால் கொண்டுவர முடியாது, லேத்தில்தான் ஏற்ற வேண்டும். விரிசலோ வளைவோ கண்ணில் பட்டால் உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள். அதைப் பட்டி பூசி மறைத்தால் ஆபத்து அப்படியே உள்ளே இருக்கும்.