மெடிக்கல் கோடிங்கா, மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவா?

சென்னையில், நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியபின், தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு மாறி, இன்று அதன் பொறுப்பாளராக இருக்கிறேன். எனவே என் சாய்வு பதிவேட்டுப் பிரிவின் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கச் சம்பளத்தில் கோடிங்தான் மேல். சிபிசி என்ற கோடிங் சான்றிதழுடன் நான் வாங்கிய 22,000 ரூபாய், மருத்துவமனையில் சேர்ந்தபோது 16,000 ஆகக் குறைந்தது. மத்திய அரசின் நான்காம் நிலை ஊதியத்தில் பதிவேட்டுப் பணி கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே 25,500 ரூபாய். ஆனால் அத்தகைய இடங்கள் அரிதாகவே வருகின்றன.

அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை, அதாவது சிகிச்சைப் பதிவைப் படித்து, காப்பீட்டுக்குரிய குறியீடுகளை இடுவது கோடிங். அன்றைய எண்ணிக்கையும் துல்லியமும் இலக்கை எட்டினால் வேலை முடிந்தது. பதிவேட்டுப் பிரிவிலோ, டிஸ்சார்ஜ் ஆன கோப்பில் ஒப்புதல் படிவமும் மருத்துவரின் கையெழுத்தும் உள்ளனவா என்று பார்த்து, நோய்களுக்கான சர்வதேசக் குறியீடான ஐசிடி குறியீடு இட்டு, பிறப்பு இறப்பு விவரங்களை 21 நாள்களுக்குள் பதிவாளருக்கு அனுப்பி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது, கற்றது எவ்வளவு காலம் கைகொடுக்கும் என்பதுதான். அமெரிக்க நோய்க் குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகின்றன. சான்றிதழைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 36 கல்விப் புள்ளிகள் சேர்ப்பதோடு உறுப்பினர் கட்டணமும் கட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு, அந்தத் துறையை விட்டு வெளியே வந்தால் அந்த அறிவுக்கு மதிப்புக் குறைவு.

பதிவேட்டுப் பிரிவில் கற்றது அப்படிக் காலாவதியாவதில்லை. ஒரு விபத்து வழக்குக் கோப்பில், ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) 11.40 என்றும் வார்டுத் தாளில் 10.40 என்றும் நேரம் முரண்பட்டிருப்பதைக் கண்டு, தவறானதை ஒற்றைக் கோட்டால் அடித்து, திருத்திய தேதியுடன் மருத்துவரிடம் சுருக்கொப்பம் வாங்கி வைத்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் கோப்புடன் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நின்றபோது, வழக்கறிஞர் முதலில் கேட்டதே அந்த நேரத்தைப் பற்றித்தான். அந்தச் சுருக்கொப்பம் அங்கே விடையாக இருந்தது. இந்தப் பழக்கம் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் உடன் வரும்.

கோடிங்கில் நான் பார்த்தவை புறநோயாளி சார்ட்டுகள் மட்டுமே. உள்நோயாளி கோடிங்கிலும் தணிக்கையிலும் இருப்பவர்களின் வளர்ச்சி என் கணக்கிலிருந்து வேறுபடலாம். கல்விக் கடன் தவணை உடனே தொடங்குகிறவர்கள் முதலில் கோடிங்குக்குப் போவதில் பிழையில்லை. ஆனால் மாறுவதாக இருந்தால், சம்பள வித்தியாசம் பெருகும் முன், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மாறிவிட வேண்டும்.