வாரக் கடைசி 5 விழுக்காடு கேஷ்பேக் கார்டு: பினாங்கில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

பேரங்காடி வாசலில் மேசை போட்டு, "சனி ஞாயிறு வீட்டுச் சாமான் வாங்கினால் 5 விழுக்காடு காசு திரும்பி வரும்" என்று சொல்லி கிரெடிட் கார்டு விற்கிறார்கள். பினாங்குத் தீவிலும் சரி, பட்டர்வொர்த், பிறை பக்கமும் சரி, வாரக் கடைசியில் பெரிய பேரங்காடிகளில் இந்த மேசையைப் பார்க்கலாம். அங்கே கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீபாவளி மாதத்தில் நாங்கள் அந்தக் கார்டில் சனி ஞாயிறுகளில் மட்டும் 820 வெள்ளிக்கு மளிகைச் சாமான் வாங்கினோம். அவர்கள் சொன்ன கணக்குப்படி 41 வெள்ளி வர வேண்டும். வந்தது 43 சென்.

வங்கியின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரிக் கார்டு பல வங்கிகளிடம் இருக்கிறது, நிபந்தனைகள் எழுதப்படும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயரைவிட விவரம் முக்கியம்.

2025 செப்டம்பரில் கார்டு எடுத்தோம். மேசையில் இருந்தவர் நம்ம தமிழ்த் தம்பி. "அக்கா, சாமான் எப்படியும் வாங்கத்தானே போறீங்க, அந்தக் காசுல அஞ்சு பெர்சென்ட் திரும்ப வந்தா நல்லதுதானேக்கா" என்றார். நான் அவரிடம் தெளிவாகவே கேட்டேன். மாதம் குறைந்தது இவ்வளவு செலவு செய்தாக வேண்டும் என்று இருக்கிறதா? "இல்லக்கா." எல்லாக் கடைக்கும் பொருந்துமா? "சாமான் கடைன்னா எல்லாமே சேரும்." திரும்ப வரும் காசுக்கு உச்ச வரம்பு உண்டா? "அது பெருசா செலவு பண்றவங்களுக்குத்தான், நமக்கெல்லாம் வராதுக்கா." மறுநாள் சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது அதே கேள்விகளை எழுத்திலும் கேட்டேன். அதே பதில்கள் எழுத்தில் வந்தன. அந்தத் தகவல்களை நான் அழிக்கவில்லை.

என் கணவருக்கும் ஒரு துணைக் கார்டு எடுக்கச் சொன்னார், இருவர் செலவும் சேர்ந்தால் கேஷ்பேக் கூடுமாம். பயணப் பெட்டி ஒன்று இலவசமாகக் கொடுத்தார்.

அக்டோபர் 20ஆம் தேதியிட்ட ஸ்டேட்மென்டில் கேஷ்பேக் வரியில் 0.43 என்று இருந்தது. ஏதோ கணினிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, நெடுநேரம் இசை கேட்டுக் காத்திருந்த பிறகு பேசிய அதிகாரி பொறுமையாக விளக்கினார். கோளாறு எதுவும் இல்லை, எல்லாம் நிபந்தனைப்படிதான் நடந்திருக்கிறது என்றார். அந்த நிபந்தனைகளில் ஒன்றைக்கூட மேசையில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

முதலில் கடை விஷயம். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு மெஷின் வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. கடைக்கு மெஷின் கொடுக்கும் வங்கி, கடையின் முக்கியத் தொழில் என்ன என்று பார்த்து அதைப் பதிவு செய்யும். மளிகைக் கடை, சூப்பர்மார்க்கெட் என்றால் 5411. டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் 5311. இதர உணவுப் பொருள் கடைகளுக்கு 5499. நீங்கள் கார்டைத் தட்டும்போது உங்கள் வங்கிக்குப் போவது தொகையும் கடையின் பெயரும் இந்தக் குறியீடும்தான். கூடையில் இருந்தது அரிசியா சட்டையா என்று அதற்குத் தெரியாது. எங்கள் கார்டின் கேஷ்பேக், 5411 என்று பதிவான கடைகளுக்கு மட்டும்.

நாங்கள் வழக்கமாகப் போகும் பெரிய கடை பெருநிலத்தில் இருக்கிறது. கீழே அரிசி, பருப்பு, காய்கறி, மீன். மேலே துணிமணி, பாத்திரம். அது டிபார்ட்மென்ட் ஸ்டோராகப் பதிவாகியிருக்கிறதாம். அங்கே உளுந்து, எண்ணெய், முறுக்கு மாவு, நெய் என்று வாங்கிய 286 வெள்ளியும் மளிகைக் கணக்கில் சேரவில்லை. அந்தக் குறியீடு ரசீதில் அச்சாவதில்லை, ஸ்டேட்மென்டிலும் இல்லை. காசாளரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. வாங்குகிறவர் கண்ணில் படாத ஓர் எண்ணை வைத்து வாங்குகிறவருக்கு வாக்குறுதி கொடுப்பது நியாயமா? எனக்கு இன்றுவரை இது ஆறவில்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது, ஆனால் வேலை நம்முடையது. கடையில் சிறிய தொகைக்கு ஏதாவது வாங்கி, அது கணக்கில் பதிவான பிறகு உங்கள் வங்கியை அழைத்து, அந்தக் கடை எந்தக் குறியீட்டில் வந்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் சொல்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளுக்கு வேறு வேறு குறியீடு இருக்கவும் கூடும், ஆகவே நீங்கள் போகும் கிளையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது தேதி. ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு தேதி உண்டு: நீங்கள் வாங்கிய தேதி ஒன்று, வங்கி அதைக் கணக்கில் பதிந்த தேதி ஒன்று. வாரக் கடைசியா இல்லையா என்பதற்கு வாங்கிய தேதியைப் பார்க்கிறார்கள். மாதச் செலவு எவ்வளவு என்பதற்குப் பதிந்த தேதியைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே தாளில்!

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. எங்கள் ஸ்டேட்மென்ட் முடிவதும் 20ஆம் தேதி. அதற்கு முந்திய சனி ஞாயிறில் வாங்கிய 318 வெள்ளிச் சாமான், திங்கள் பொது விடுமுறை என்பதால் செவ்வாய் 21ஆம் தேதிதான் பதிவானது. அதாவது அடுத்த மாதக் கணக்கு. இதனால் வந்த வினை பெரியது. 5 விழுக்காடு கிடைக்க ஒரு ஸ்டேட்மென்ட் மாதத்தில் மொத்தம் 1,500 வெள்ளி செலவாகியிருக்க வேண்டும் (மேசையில் "இல்லக்கா" என்று பதில் வந்த அதே விஷயம்). பெட்ரோல், மருந்து எல்லாம் சேர்த்து எங்கள் செலவு 1,742. அதில் 318 அடுத்த மாதத்துக்குப் போனதும் 1,424 ஆகிவிட்டது. 76 வெள்ளி குறைந்ததால் எங்கள் விகிதம் 0.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. தகுதியுள்ள கடையில் மிஞ்சிய 216 வெள்ளிக்கு 0.2 விழுக்காடு போட்டால் 43 சென். அப்படி வந்ததுதான் அந்த எண்.

சரி, எல்லா நிபந்தனையும் கூடி வந்திருந்தால்? அப்போதும் 41 வெள்ளி வந்திருக்காது. மளிகைக்கான கேஷ்பேக் மாதம் 15 வெள்ளிக்கு மேல் கிடையாது. 5 விழுக்காட்டில் 15 வெள்ளி என்றால் 300 வெள்ளிச் சாமானோடு அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. அந்த 15 வெள்ளிக்காக 1,500 வெள்ளி செலவு காட்ட வேண்டும். உண்மையில் இது 1 விழுக்காடு கார்டு. விளம்பரப் பலகையில் 5 என்ற எண் ஆள் உயரத்துக்கு இருந்தது, 1,500ம் 15ம் அடியில் எறும்பு அளவில்கூட இல்லை, இணையத்தில் இருக்கும் தனி நிபந்தனைத் தாளில் இருக்கின்றன.

நம் குடும்பங்கள் சாமான் வாங்கும் விதத்துக்கு இந்தக் கார்டு பொருந்துகிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். மசாலா, வெற்றிலை, பூ, பூசைச் சாமான் எல்லாம் லெபோ பாசார் பக்கம் லிட்டில் இந்தியாவில் வாங்குகிறோம். மீனும் காய்கறியும் காலைச் சந்தையில். அங்கெல்லாம் ரொக்கம், இல்லையென்றால் கியூஆர் ஸ்கேன் செய்து சேமிப்புக் கணக்கிலிருந்து. அந்தச் செலவு கார்டுக் கணக்கில் சேராது. மின்பணப்பையில் கார்டு மூலம் காசு ஏற்றிச் செலவழிக்கலாமே என்றால், எங்கள் கார்டு அதையும் விலக்கியிருக்கிறது. 1,500ஐ எட்ட வேண்டுமென்றால் சந்தையை விட்டுவிட்டுப் பேரங்காடிக்கு மாற வேண்டும். காய்கறி விலையில் போகும் வித்தியாசம் அந்த 15 வெள்ளியை எளிதாக விழுங்கிவிடும்.

கார்டுக்குச் சேவை வரியும் உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு கார்டுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி, துணைக் கார்டுக்கும் தனியாக 25 வெள்ளி. இது அரசாங்க வரி. "ஆண்டுக் கட்டணம் இலவசம்" என்று வங்கி சொல்வதில் இது அடங்காது. எங்கள் இரண்டு கார்டுக்கும் 50 வெள்ளி போனது. அப்புறம் அந்தப் பயணப் பெட்டி: ஓராண்டுக்குள் கார்டை ரத்து செய்தால் பெட்டியின் விலையைப் பிடித்துக்கொள்வார்களாம்.

சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்கு இன்னொரு இழப்பு. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளியோ அதற்குக் குறைவோ இருப்பவர் அதிகபட்சம் இரண்டு வங்கிகளின் கார்டுகளைத்தான் வைத்திருக்கலாம் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. இப்படி ஒரு கார்டு எடுத்தால் அந்த இரண்டு இடத்தில் ஒன்று வீணாகிறது.

கடன் பாக்கி வைக்கிறவர்கள் இந்தக் கார்டுப் பக்கமே போக வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறார், அதாவது பாக்கியில் 5 விழுக்காடு. "கேஷ்பேக் வருதே" என்று நிம்மதியாக இருந்தார். வட்டி ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என்று மூன்று படியாக இருக்கிறது, 12 மாதமும் தவறாமல் கட்டியவருக்கு 15, அடிக்கடி தவறியவருக்கு 18. 18 என்றால் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு. 1,000 வெள்ளி பாக்கிக்கு ஒரு மாத வட்டி 15 வெள்ளி. கேஷ்பேக் உச்ச வரம்பும் 15 வெள்ளி. அதோடு, பாக்கியை முழுசாகக் கட்டாதவருக்கு 20 நாள் வட்டியில்லாக் காலமும் போய்விடும். புதிதாக வாங்கும் அரிசிக்கும் பதிந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தாமதமானால் பாக்கியில் 1 விழுக்காடு அல்லது 10 வெள்ளி, இதில் எது அதிகமோ அது தண்டம், 100 வெள்ளி வரை. அந்த அக்காவை ஏகேபிகேயில் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறேன். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிலையம் அது, காசு வாங்க மாட்டார்கள்.

நாங்கள் வங்கியின் புகார் பிரிவுக்கு எழுதினோம், வாட்ஸ்அப் படங்களையும் இணைத்தோம். வந்த முதல் பதில் என்ன தெரியுமா? மேசையில் இருந்தவர் வங்கி ஊழியர் இல்லை, விற்பனை நிறுவனத்தின் ஆள், நிபந்தனைகள் இணையப் பக்கத்தில் உள்ளபடியே செல்லுபடியாகும். மேசையில் வங்கியின் சின்னம், சட்டையில் வங்கியின் சின்னம், விண்ணப்பத் தாளில் வங்கியின் பெயர். கார்டு விற்கும்போது அவர் வங்கியின் ஆள், பொய் சொன்னது தெரிந்தால் வேறு யாரோ ஒருவரா? எனக்கு அந்தத் தம்பியைவிட, சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் அவரை அங்கே நிறுத்திய வங்கி மீதுதான் கோபம் அதிகம்.

விடாமல் மீண்டும் எழுதியதும், பெட்டிக்குக் காசு பிடிக்க மாட்டோம் என்றார்கள், நல்லெண்ணமாக 30 வெள்ளி கணக்கில் போட்டார்கள். இதுவே தங்கள் இறுதி முடிவு என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த படிக்கு அதுதான் தேவை. 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் மீதான வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் ஓம்பட்ஸ்மேன் சர்வீஸ் என்ற அமைப்பு இயங்குகிறது, சுருக்கமாக எஃப்எம்ஓஎஸ். வங்கியின் இறுதிக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் அங்கே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "கேஷ்பேக் குறைவாக இருக்கிறது" என்று எழுதினால் அது வங்கியின் பொதுவான விலைக் கொள்கை என்று ஒதுக்கிவிடக்கூடும். "விற்கும்போது இப்படிச் சொன்னார்கள், நிபந்தனை வேறு மாதிரி இருக்கிறது, இதோ ஆதாரம்" என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மேசையில் நிற்கும்போது தயாரிப்பு விவரத் தாளை மட்டும் வாங்கித் திருப்தி அடையாதீர்கள். அதில் வட்டியும் கட்டணமும் இருக்கும். கேஷ்பேக் விதிகள் அதில் முழுமையாக இருக்காது. கேஷ்பேக் நிபந்தனைத் தாளைத் தனியாகக் கேளுங்கள். "அப்புறம் ஈமெயில்ல வரும்க்கா" என்றால், வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கப் போய்விடுங்கள். அடுத்த வாரமும் அந்த மேசை அங்கேதான் இருக்கும்.

ஏற்கெனவே கார்டு எடுத்துவிட்டு ரத்து செய்ய நினைப்பவர்கள், சேர்ந்த கேஷ்பேக் கணக்கில் வரவாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள், ரத்து செய்தால் வராத காசு வராமலே போகலாம். துணைக் கார்டையும் சேர்த்து ரத்து செய்யச் சொல்லி, கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்த ஆண்டுச் சேவை வரி விழும் மாதத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.