மூடுபனியில் 95-லேயே நின்ற சென்சார்

"37 சென்சார் கிட் விலை இறங்கியிருக்கு, பையன் எட்டாவது முடிக்கப் போறான், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களுக்காகச் சின்னச் சின்ன பாகங்களைப் போட்டு விற்கிற அதே பெட்டி என்னிடம் மூன்று வருஷமாக இருக்கிறது. இருந்தும் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று விற்பவர்களே படம் போட்டுக் காட்டுகிறார்கள். எல்இடி, பஸ்ஸர், ரிலே, லேசர் எல்லாவற்றையும் 'சென்சார்' கணக்கில் சேர்த்துத்தான் 37 வருகிறது. அது போகட்டும். என் கோபமெல்லாம் ஒரே ஒரு நீல டப்பாவின் மேல்: டிஹெச்டி11, ஈரப்பதம் பார்க்கிற சென்சார்.

ஏற்காட்டில் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் காபி. சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறார். பறித்த காபிப் பழத்தை டிசம்பர், ஜனவரியில் களத்தில் அப்படியே காயப் போடுவார். பாதி காய்ந்த கொட்டையின் மேல் மூடுபனி இறங்கினால் திரும்ப ஈரம் ஏறிப் பூசணம் பிடித்துவிடும். களம் வீட்டிலிருந்து நாற்பது அடி பள்ளத்தில். எழுபது வயதுக்காரர் ராத்திரியில் இறங்கி ஏற வேண்டாமே என்று கிட்டில் இருந்ததை வைத்தே ஓர் அலாரம் செய்து கொடுத்தேன். ஈரப்பதம் 85 தாண்டினால் வீட்டுக்குள் பஸ்ஸர் அடிக்கும். தார்ப்பாயை எப்போது விரிப்பது, எப்போது எடுப்பது என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

முதல் வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு ராத்திரி பனி நன்றாக இறங்கியது. திரையில் 95. சரிதான். மறுநாள் காலை பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். அப்போதும் 95. மத்தியானம் 93. சாயங்காலம் பனி வந்ததும் திரும்ப 95. இரண்டு நாளும் பெரியப்பா தார்ப்பாயை எடுக்கவே இல்லை. உள்ளே புழுங்கி, ஒரு பக்கக் குவியல் முழுக்க வெள்ளைப் பூசணம்.

"மிஷின் ஈரம்னு சொல்லுச்சு கண்ணு, அதான் எடுக்கல" என்றார். கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தே ஐம்பது வருஷம் காபி காயவைத்த மனுஷன். அந்தக் கையை நம்பாமல் என் திரையை நம்பினார். காபி போனதைவிட எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த நீல டப்பாவின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, உட்கார்ந்து படித்தேன். அதன் வரம்பு 20 முதல் 90 சதவீதம் வரைதான். அதற்குள்ளேயே 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். ஈரத்தை உறிஞ்சும் பகுதியில் நீர் படிந்துவிட்டால் காய்ந்து பழைய நிலைக்கு வர வெகு நேரம் பிடிக்கிறது. மலையில் மூடுபனி இறங்கினால் 90-க்கு மேல்தான். இதைப் படிக்காமல் களத்தில் வைத்தது என் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் தெரியாத இடத்தில் பிழை என்று காட்டாமல், 95 என்று அடித்துச் சொல்கிற பொருளை என்ன செய்வது? இதே டப்பா கீழே சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மொட்டைமாடியில் ஏப்ரல் மாதம் முழுக்க ஒழுங்காகவே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேலத்துக் காற்றுக்கு அது போதும்.

பொய்யைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அதே பெட்டியில் இருந்த இன்னொரு சென்சார். டிஎஸ்18பி20, வெப்பநிலை மட்டும் பார்ப்பது. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது. கூட ஒன்று வாங்கி இரண்டையும் ஒரே டேட்டா ஒயரில், ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் முகவரி இருப்பதால் குழப்பமில்லை. ஒன்றை அப்படியே விட்டு, மற்றதற்கு ஈரப் பஞ்சுத்துணி சுற்றி, பழைய கம்ப்யூட்டர் ஃபேனால் காற்று வீசவிட்டேன். காற்றில் ஈரம் குறையக் குறைய ஈரத்துணி அதிகம் குளிரும்; அந்த வித்தியாசத்தை வைத்து ஈரப்பதத்தைக் கணக்கிடலாம். காய்ந்தது 20 டிகிரி, ஈரத்துணி சுற்றியது 17. ஏற்காட்டுக் காற்றழுத்தத்துக்குக் கணக்குப் போட்டால் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதம். பக்கத்தில் நீல டப்பா 92 என்றது.

இந்த டிஎஸ்18பி20-யையே முன்னால் ஒரு நாள் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். மூன்று கால்களுக்கும் ஒயர் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, எபாக்ஸியால் அடைத்து, பெரியம்மாவின் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். 95-ஐத் தாண்டவே இல்லை. ஐந்து டிகிரி தப்பு காட்டுகிறதே என்று தூக்கிப் போடப் பார்த்தேன். சேலம் வந்து அதே சோதனை செய்தால் 99. சென்சார் சரி, மலைதான் காரணம்! ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அவ்வளவில்தான் கொதிக்கும். பெரியம்மாவிடம் சொன்னபோது, "அதனாலதான் இங்க பருப்பு வேக இவ்வளவு நேரமாகுதா" என்றார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கே பெட்டிக்குக் கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

பையனுக்கு என்று கேட்டதால் இன்னொன்று. என் பெட்டியில் இருந்த ஒரு சாய்வு சுவிட்சில் கண்ணாடிக் குமிழுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் சின்ன விஷயமில்லை. அதையும் லேசரையும் முதல் நாளே எடுத்துத் தனியே பூட்டி வைக்க வேண்டும். ஒயர் மாட்டும் கால்களின் வரிசையும் ஒவ்வொரு சென்சார் பலகைக்கும் மாறுகிறது. பலகையில் அச்சடித்ததை அப்படியே நம்பாமல், பலகையில் ஓடும் செம்புத் தடத்தைப் பார்த்து மீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகே கரன்ட் கொடுக்கணும்.

களத்தில் இப்போது எஸ்ஹெச்டி31 என்ற வேறொரு ஈரப்பத சென்சார் இருக்கிறது. 0 முதல் 100 வரை அளக்கும், படிந்த ஈரத்தை விரட்ட உள்ளேயே சின்ன ஹீட்டர் உண்டு. போன சீசன் முழுக்க ஒரு குவியல்கூடக் கெடவில்லை. ஆனாலும் பெரியப்பா திரையைப் பார்த்த பிறகு ஒரு முறை இறங்கிப் போய்க் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். நான் தடுப்பதில்லை.

நண்பரிடம் வாங்காதீங்க என்று சொல்லிவிட்டேன். சென்சார்களை இயக்கும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ ஒன்று, இரண்டு டிஎஸ்18பி20, ஒரு எஸ்ஹெச்டி31, சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் பிரெட்போர்டு ஒன்று, கொஞ்சம் ஜம்பர் ஒயர் போதும். "அப்போ உங்க பெட்டியைக் கொடுங்களேன், சும்மாதானே இருக்கு" என்றார். அது மட்டும் முடியாது என்றேன். கார்த்திகை பிறந்ததும் அதை எடுத்துக்கொண்டு நான் மலைக்குப் போகணும்.