இலவசத் தொழிற்பயிற்சி என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று: யாழ். நகரப் பெற்றோரின் கவனத்திற்கு

குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற யாழ்ப்பாண நகரின் கரையோரப் பகுதிகளில், சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் தேடிச்சென்று சேர்க்கும் தனியார் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றினால் எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்டது. முறைப்பாடு இன்னும் முடியாததால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை.

சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குளிரூட்டி திருத்தும் பயிற்சி முற்றிலும் இலவசம் என்றும், ஆறு மாதத்தில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ் கிடைக்கும் என்றும், அதைக் கொண்டு கட்டாருக்கே போகலாம் என்றும் சொன்னார்கள். என் தங்கையின் கணவர் கடற்றொழிலாளி. அவர்களின் மகன், என் பெறாமகன், மறுநாளே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டான். அதன் பிறகுதான் பதிவுக் கட்டணம், சீருடை, செய்முறைப் பொருட்கள், பரீட்சைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்கள். தங்கை தோட்டை அடகு வைத்துக் கட்டிய தொகை 48,000 ரூபா. அதற்குத் தரப்பட்ட பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றிலும் ‘நன்கொடை’ என்றே எழுதியிருந்தது. கட்டணம் வாங்கியதற்கு எழுத்தில் சாட்சி இருக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்.

பயிற்சி அறையில் இருந்தது கொம்பிரசர் கழற்றப்பட்ட பழைய யன்னல் ஏசி ஒன்று மட்டுமே. பிள்ளைகள் முறைவைத்து அதன் முன்மூடியைக் கழற்றிப் பூட்டினார்கள். வாயு நிரப்புவதைக் கைத்தொலைபேசிக் காணொளியில் காட்டினார்கள். வெற்றிடப் பம்பியும் அழுத்தமானியும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியே கிடந்தன. பார்க்க வருகிறவர்களுக்கு அவற்றைக் காட்டிப் படம் எடுப்பதைப் பெறாமகன் கண்டிருக்கிறான். செப்புக்குழாய் ஒட்டும் வேலையை ஒரு பிள்ளைகூடத் தன் கையால் செய்து பார்க்கவில்லை.

கேட்கும் பெற்றோருக்கு அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கிய பதிவுச் சான்றிதழைக் காட்டினார்கள். அது போலியும் அல்ல. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்கிறது. ஆனால் நிலையம் பதிவு பெற்றிருப்பதும், அங்கே நடக்கும் குறிப்பிட்ட பாடநெறி தேசிய தொழில் தகைமைக்கு அங்கீகாரம் பெற்றிருப்பதும் வெவ்வேறானவை. இந்த நிலையத்தில் கணினிப் பாடநெறிக்கு மட்டுமே அங்கீகாரம் இருந்தது. குளிரூட்டிப் பாடநெறிக்கு அது ஒருபோதும் இருக்கவில்லை. இந்த வேறுபாடு எங்கள் பகுதிப் பெற்றோர் பலருக்குத் தெரியாது என்பதை அறிந்துகொண்டுதான் அந்தப் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்பது என் முடிவு.

ஏழு மட்டங்கள் கொண்ட இந்தத் தகைமையில் நான்காம் மட்டம் வரை சான்றிதழும், ஐந்திலும் ஆறிலும் டிப்ளோமாவும், ஏழில் பட்டமும் வழங்கப்படுகின்றன. சான்றிதழைப் பெறுவதற்கு, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் முன்னால் அந்த வேலையைச் செய்து காட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகளை மதிப்பிட யாரும் வரவில்லை. கேட்டபோது, “அம்மா, அது கொழும்பில இருந்து வரவேணும், கொஞ்சம் பொறுங்கோ” என்றார் பொறுப்பாளர். இறுதியில் பொன்னிறக் கரையிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள்; அதில் நிலையத்தின் முத்திரை இருந்ததே தவிர, ஆணைக்குழுவின் பெயரோ தகைமை மட்டமோ இல்லை. அதைக் கொண்டுபோன இடத்தில் வேலைத்தல முகாமையாளர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றிலும் மோசமானது, சேரும்போது ‘சரிபார்க்க’ என்று வாங்கிய பிறப்புச் சான்றிதழையும் சாதாரண தரப் பெறுபேற்றின் மூலப்பிரதியையும் ‘மீதிப் பணம்’ கட்டும்வரை தரமாட்டோம் என்று வைத்திருந்ததுதான். மூலப்பிரதி கையில் இல்லாததால் பிள்ளை வேறு பயிற்சிக்கும் விண்ணப்பிக்க முடியாமல் இருந்தான். பொலிஸில் முறைப்பாடு செய்த பிறகே அவை திரும்பி வந்தன.

எந்த நிலையமானாலும் மூலப்பிரதிகளைக் கொடுக்க வேண்டாம், போட்டோப்பிரதி போதும். நிலையத்தின் பெயரோடு நின்றுவிடாமல், பிள்ளை சேரப்போகும் பாடநெறிக்கு அந்த இடத்தில் எந்த மட்டம் வரை அங்கீகாரம் இருக்கிறது, அது எந்தத் திகதியில் முடிகிறது என்பதை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள திறன் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் பல முழுநேரப் பாடநெறிகள் கட்டணமின்றியே நடக்கின்றன. அடுத்த சேர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்ற அந்தப் பொறுமையின்மையைத்தான் இத்தகைய நிலையங்கள் காசாக்குகின்றன.

கட்டிய பணத்தைக் கேட்டு மத்தியஸ்த சபைக்குச் சென்றிருக்கிறோம். இதே நிலையம் இப்போது நாவாந்துறைப் பக்கம் புதிய பிரிவுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்து வருகிறது. முன்னைய பிரிவில் பணம் கட்டியவர்கள், ‘நன்கொடை’ என்று எழுதப்பட்டிருந்தாலும் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாமல், தங்கள் பிரதேச மத்தியஸ்த சபையில் முறைப்பாட்டைக் கொடுங்கள்.