ரௌட்டருக்கு யுபிஎஸ்ஸா, மினி யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா?

கரண்ட் போன மறு நொடியே மேசைக்கடியில் யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். கணினி அணையாமல் நிற்கும். அந்தத் தெம்பில் ரௌட்டரையும் அதிலேயே செருகி வைத்தேன். எட்டு மணி நேரம் ஓடும் என்பது என் கணக்கு. மூன்றுகூட வரவில்லை. யுபிஎஸ் ஒழுங்காகத்தான் இருந்தது, கணக்குதான் தப்பு.

சின்ன மேசை யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட் அவர், அதாவது 84 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. ரௌட்டர் 10 வாட் என்று வைத்து வகுத்துவிட்டேன். ஆனால் பேட்டரியின் டிசியை (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) ஏசியாக (வீட்டுப் பிளக்கில் வரும், திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்) மாற்ற யுபிஎஸ் தன் பங்குக்கு ஏறக்குறைய இன்னொரு ரௌட்டர் அளவு தின்கிறது. அந்த ஏசியை ரௌட்டரின் அடாப்டர் மறுபடி 12 வோல்ட் டிசியாக இறக்குகிறது. மூக்கைச் சுற்றித் தொடும் வேலை.

மினி யுபிஎஸ் இந்தச் சுற்றையே தவிர்க்கிறது: பேட்டரியிலிருந்து நேராக ரௌட்டருக்கு டிசி. உள்ளே லித்தியம் செல்கள். பெட்டியில் 8000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர், அதாவது 8 ஆம்பியர் அவர்) என்று இருந்தால் மயங்க வேண்டாம், அது செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு, உண்மையில் 29.6 வாட் அவர்தான். இருந்தாலும் 8 வாட் ரௌட்டரை மூன்று மணி நேரம் போல ஓட்டிவிடும். கையடக்கப் பெட்டி, கத்தலும் இல்லை. வாங்கும் முன் அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா. ஃபைபர் மோடம் தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கரண்ட் வேண்டும். ரௌட்டர் மட்டும் விளக்கை எரித்துக்கொண்டு நின்று என்ன பயன்?

சரி, மேசைக் கணினிக்கு? அங்கே யுபிஎஸ்தான். 200 வாட் இழுத்தால் பத்து நிமிடம் தாங்கும், ஃபைலைச் சேமித்து அணைக்க அது போதும். அதன் பலம் வேகம்: பொதுவாக 10 மில்லி நொடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். சில இன்வெர்ட்டர்கள் சாதாரண மோடில் இதைவிட மெதுவாக மாறும், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடுக்கு மாற்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபேனும் விளக்கும் மணிக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் இன்வெர்ட்டரை விட்டால் வழியில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஏட்டில் 1800 வாட் அவர். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுசு குறையும். இன்வெர்ட்டரின் இழப்பும் போக 700 போலத்தான் கைக்கு வரும். 75 வாட் ஃபேன் இரண்டு, விளக்குக்கு 30 வாட் என்றால் நான்கு மணி நேரம். அதே இடத்தில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன்களை (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளவை) போட்டால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். பெரிய பேட்டரிக்கு ஆசைப்படும் முன் ஃபேனைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் (கரண்ட் அலை சதுரமாக, வெட்டி வெட்டி வரும் வகை) ஃபேன் உறுமும். வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவே எடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை உண்டு, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வருவதால் காற்றோட்டமும் வேண்டும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தத் தொல்லைகள் இல்லை. 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், 2000 முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும். முதலில் கொடுக்கும் பணம்தான் உறுத்தும். தினமும் பல மணி நேரம் கரண்ட் போகும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகும், எப்போதாவது போகிற வீட்டுக்கு அல்ல.

ஃபிரிட்ஜை இந்தச் சின்னப் பெட்டிகள் எதிலும் மாட்டாதீர்கள். கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். கதவைத் திறக்காமல் விட்டாலே நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். லேசர் பிரிண்டரும் அப்படித்தான், யுபிஎஸ் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

என் யுபிஎஸ் இன்னும் மேசைக்கடியில்தான் இருக்கிறது, கணினிக்கு மட்டும். ரௌட்டரைக் கழற்றி மினி யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன்.